கை நோகாமல் உள்ளங்காலை அழுத்துவது எப்படி? ஒரு ரிஃப்ளெக்ஸாலஜி பழகுநரின் செய்முறை

மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் தினமும் பத்து மணி நேரம் நிற்பவன் நான். இரவு ஷட்டரை இறக்கும் நேரத்தில் முன்பாதம் இரண்டும் தணலை மிதித்ததுபோல் எரியும். விற்கிற வலி மாத்திரையை நானே தினமும் விழுங்க மனம் வரவில்லை. அப்படித்தான் ரிஃப்ளெக்ஸாலஜி எனப்படும் பாத அழுத்தத்துக்கு வந்து சேர்ந்தேன். மூன்று மாதமாகிறது. எரிச்சல் தணிந்திருக்கிறது, படுத்தவுடன் தூக்கம் வருகிறது. அதற்கு மேல் நான் எதையும் அளக்கப்போவதில்லை.

அளப்பவர்களுக்குத்தான் பஞ்சமே இல்லையே. உடலைத் தலை முதல் கால் வரை பத்து நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்து 1917இல் புத்தகம் போட்டவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர். அந்த யோசனையை 1930களில் பாதத்துக்குக் கொண்டுவந்து வரைபடமாக்கியவர் யூனிஸ் இங்கம். அதன்படி பாதத்தின் ஒவ்வொரு இடமும் உடலின் ஓர் உறுப்புக்கு உரியது: விரல் நுனி தலை, முன்பாதம் நெஞ்சு, குழிவு வயிறு, குதிகால் இடுப்பு, பாதத்தின் உள்விளிம்பு முதுகெலும்பு. படம் அழகுதான். ஆனால் உள்ளங்காலின் ஒரு புள்ளியிலிருந்து சிறுநீரகத்துக்குத் தனிக் கம்பி ஓடுவதாக உடற்கூறியல் சொல்லவில்லை. இதனால் எந்த நோயும் குணமாகும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரமும் கிடைத்ததில்லை. "சிறுநீரகக் கல் கரையுமா?" என்று கடைக்கு வந்து கேட்பவர்களிடம் மருத்துவரைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். எனக்கு அந்தப் படம் ஓர் இடத்தையும் விட்டுவிடாமல் அழுத்துவதற்கான வழித்தடம், அவ்வளவே.

தொடங்குமுன் ஒன்று. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை சூடாக வலித்தால் கை வைக்காதீர்கள். இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். புண், எலும்பு முறிவு, சேற்றுப்புண் இருந்தாலும் வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யலாம்.

இனி வேலை. காலைக் கழுவி, விரலிடுக்கு வரை துடையுங்கள். கை நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாதத்தை மறு தொடைமேல் வையுங்கள். கணுக்காலை இரு பக்கமும் சுழற்றி, ஈரத்துணி பிழிவதுபோல் பாதத்தை ஒரு நிமிடம் மெதுவாக முறுக்கிவிடுங்கள்.

அடுத்ததுதான் என்னைக் கவிழ்த்த இடம். கட்டைவிரலை விறைப்பாக நீட்டி, தோளின் பலம் முழுவதையும் அதன்மேல் போட்டு முதல் வாரம் குத்தினேன். நான்காம் நாள் மாத்திரை அட்டையை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தால் கட்டைவிரல் அடிமூட்டில் 'சுரீர்' என்றது. கால் வலியைக் கைக்கு மாற்றிக்கொண்டதுதான் மிச்சம்.

சரியான முறை இது. இடக்கையால் கால் விரல்களைப் பிடித்துப் பாதம் ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலக்கையின் நான்கு விரல்களும் புறங்காலைப் பற்றியிருக்க வேண்டும், கட்டைவிரல் உள்ளங்காலில். கட்டைவிரலின் முதல் கணுவை மட்டும் மடக்குங்கள், கொஞ்சம் நிமிர்த்துங்கள், மறுபடி மடக்குங்கள். ஒவ்வொரு மடக்கிலும் விரல் ஒரு நெல்மணி அளவு முன்னால் நகரும். கம்பளிப்புழு ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதே நடை. விரலைத் தூக்கக்கூடாது, பின்னால் ஊரவும் கூடாது. அழுத்தம் கட்டைவிரலிலிருந்து அல்ல, புறங்காலைப் பற்றிய நான்கு விரல்களும் தம் பக்கம் இழுப்பதிலிருந்து வருகிறது. இது பிடிபட எனக்கு இரண்டு வாரம் ஆனது. முதலில் முன்கையில் பழகிப் பாருங்கள்: தோலில் நகத்தடம் பதிந்தால் மடக்கு அதிகம், கட்டைவிரல் பின்பக்கமாக வளைந்தால் பலம் அதிகம்.

பழகிய பிறகு, குதிகாலில் தொடங்கி ஒவ்வொரு கால் விரலை நோக்கியும் ஒரு கோடாக, ஐந்து கோடுகள் ஊர்ந்து செல்லுங்கள். கூடுதலாக நோகும் இடத்தில் பத்து விநாடி நின்று அழுத்தலாம். பல்லைக் கடிக்கும் அளவுக்கு வலித்தால்தான் பலன் என்பவர்களை நம்பாதீர்கள். ஒரு காலுக்குப் பத்து நிமிடம் போதும்.

கருவிகளில் எனக்குப் பிடித்தது மர உருளை, அதுவும் கை ஓய்ந்த நாட்களில் மட்டும். முள் முள்ளாக இருக்கும் பிளாஸ்டிக் செருப்பு வாங்கி, பரணில் கிடக்கிறது. எண்ணெயை அழுத்தி முடித்த பிறகே தொடுங்கள். முன்னதாகத் தடவினால் விரல் வழுக்கும். குதிகால் வெடிப்புக்கு நல்லெண்ணெய் இதமாக இருக்கும். விரலிடுக்கில் மட்டும் தடவாதீர்கள், ஈரம் தங்கிவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர் கேட்டதால் சேர்க்கிறேன். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் குத்துகிறது என்றார் ஒருவர். அந்த இடத்தில் ஊன்றி அழுத்த வேண்டாம். தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, துணி சுற்றி, அதன்மேல் பாதத்தை உருட்டுங்கள். சுவரில் கை ஊன்றிக் கெண்டைச்சதையை நீட்டுங்கள். குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொருவர் தம் அம்மாவுக்குச் சர்க்கரை நோய், பாதம் மரத்திருக்கிறது என்றார். அவர் வலிக்கவில்லை என்று சொல்வதை வைத்து அழுத்தத்தைக் கூட்டிவிடக்கூடாது. சூடான தண்ணீரில் காலை வைக்கவும் விடாதீர்கள். அம்மாவின் பாதத்துக்கு அழுத்தமே வேண்டாம். தினமும் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து, கொப்புளமோ கீறலோ இருக்கிறதா என்று அவரிடம் சொல்லுங்கள், போதும்.