வெளிப்புறக் கேமராவுக்கு மின்சாரம்: இரவுக் கணக்கை வைத்துத் திட்டமிடுங்கள்

பகல் முழுவதும் தெளிவாகப் படம் காட்டும் கேமரா, இருட்டியதும் விட்டுவிட்டு அணைகிறது என்றால், பழுது பெரும்பாலும் கேமராவில் இல்லை. அதற்குப் போய்ச் சேரும் மின்சாரத்தில் இருக்கிறது. இருட்டில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் கேமரா இழுக்கும் மின்னோட்டம் வெகுவாகக் கூடிவிடுவதால், வீட்டுக்கு வெளியே பொருத்தும் கேமராவின் மின் ஏற்பாட்டை இரவுத் தேவையை வைத்தே கணக்கிட வேண்டும்.

நம் வீடுகளில் பரவலாக உள்ள அனலாக் எச்.டி. கேமராக்கள் 12 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் இயங்குபவை. படத்தைப் பதிவுசெய்யும் டி.வி.ஆர். பெட்டியின் பக்கத்தில், வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித்தரும் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை வைத்து, அதிலிருந்து எல்லாக் கேமராக்களுக்கும் கம்பி இழுப்பது வழக்கம். நான்கு கேமராவுக்கு 5 ஆம்பியர், எட்டுக்கு 10 ஆம்பியர் என்ற கடைக்கணக்கு சாதாரணக் கேமராக்களுக்குப் போதுமானதுதான். கவனம் தேவைப்படும் இடம் கம்பி.

அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 30 மீட்டர் தூரம் சென்றால், போக வரச் சேர்த்து மின்தடை ஏறத்தாழ 2.1 ஓம் ஆகும். கேமரா இரவில் அரை ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 1 வோல்ட் கரைந்து, 11 வோல்ட் மட்டும் போய்ச் சேரும். 10 சதவீத ஏற்ற இறக்கம் தாங்கும் கேமராவுக்கு 10.8 வோல்ட் வரை போதும் என்பதால் இதில் சிக்கல் இல்லை. அதே தூரத்துக்கு 0.2 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் 2.6 வோல்ட் இழந்து, 9.4 வோல்ட்தான் மிஞ்சும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். விலை குறைவாக இருக்கும் கேபிளை வாங்குவதற்கு முன் நுனியைச் சுரண்டி, உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இதைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். ஆனால் கேமராவைக் கழற்றிவிட்டு வெறும் கம்பியில் அளந்தால், எவ்வளவு மெலிந்த கம்பியாக இருந்தாலும் 12 வோல்ட் என்றே காட்டும். கேமரா இணைந்திருக்கும்போதே, அதன் முகப்பைக் கையால் முழுவதும் மூடி அகச்சிவப்பு விளக்குகளை எரியவைத்து, கேமராப் பக்கக் கனெக்டரில் அளக்க வேண்டும். வோல்ட் குறைந்தால் சிலர் எஸ்.எம்.பி.எஸ்-இல் உள்ள சிறு திருகைத் திருப்பி 13 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள். அப்போது எஸ்.எம்.பி.எஸ்-க்கு அருகில் உள்ள கேமராவுக்கு அளவுக்கு மீறிய மின்னழுத்தம் போகும். தடித்த கம்பி போடுவதே முறையான தீர்வு.

புதிதாக அமைப்பவர்களுக்கு, நெட்வொர்க் வழியே படம் அனுப்பும் ஐ.பி. கேமராவும், அதே கேபிளில் மின்சாரமும் தரும் பி.ஓ.இ. ஸ்விட்சும் சிறந்த வழி என்பது என் கருத்து. ஒரே நெட்வொர்க் கேபிளில் படமும் மின்சாரமும் 100 மீட்டர் வரை செல்லும். ஏறத்தாழ 48 வோல்ட்டில் அனுப்புவதால் மின்னோட்டம் குறைந்து, இழப்பும் சிறிதாகிறது. பி.ஓ.இ.-க்கான 802.3 ஏ.எஃப். தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட்டும், ஏ.டி. தரத்தில் 30 வாட்டும் கிடைக்கும். சுழலும் கேமராக்களுக்குப் பின்னது தேவைப்படலாம். தரம் குறிப்பிடாத மலிவான ஸ்விட்சுகள், எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று கேட்காமலேயே மின்சாரத்தை அனுப்பிவிடக்கூடும், தவிர்த்துவிடுங்கள்.

மின்வெட்டின்போது கேமரா மட்டும் இயங்கிப் பயனில்லை, டி.வி.ஆர்., ரவுட்டர், இணையப் பெட்டி எல்லாமே இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்க வேண்டும். நான்கு கேமராக்கள் உட்பட மொத்தச் சுமை பெரும்பாலும் 50 வாட்டைத் தாண்டாது என்பதால், வீட்டு இன்வெர்ட்டருக்கு இது பெரிய பாரமில்லை. மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் டி.வி.ஆர். அணைந்து மீண்டும் தொடங்கினால், இன்வெர்ட்டரின் பின்புறம் யு.பி.எஸ். நிலைக்கு மாற்றும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையில் மாற்றம் விரைவாக நடக்கும்.

தூசியும் நீரும் புகாமல் காப்பதைக் குறிக்கும் ஐ.பி. 66 அல்லது 67 தரம் கேமராவின் உடலுக்கு மட்டுமே உரியது. பின்னால் தொங்கும் கனெக்டருக்கும் அடாப்டருக்கும் அது பொருந்தாது. இணைப்புகளை மூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து, கேபிள் நுழையும் துளையைக் கீழ்ப்பக்கம் அமைத்து, நுழையுமுன் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டால் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். மிச்ச இடைவெளியைச் சிலிக்கானால் அடைத்தால் எறும்பும் பல்லியும் குடியேறா. 230 வோல்ட் கம்பியை முடிந்தவரை வெளியே கொண்டுசெல்ல வேண்டாம். கொண்டுசெல்லத்தான் வேண்டும் என்றால், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. பாதுகாப்பும் சரியான எர்த்தும் இருப்பதை எலெக்ட்ரீஷியனிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மின் இணைப்பே இல்லாத தோட்டத்துக்கும் கட்டுமான மனைக்கும் சிம் கார்டுடன் கூடிய சோலார் கேமரா பொருந்தும். தமிழ்நாட்டில் பலகையைத் தெற்கு நோக்கி, தண்ணீரும் தூசியும் வழிந்தோடும் அளவுக்குச் சாய்த்து, தென்னையின் நிழல் படாத இடத்தில் வைக்க வேண்டும். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இவற்றில் பல, அசைவு தெரிந்தால் மட்டுமே பதிவுசெய்யும் என்பதை வாங்கும்போதே அறிந்திருங்கள். வடகிழக்குப் பருவமழையில் நாள்கணக்கில் வெயில் இல்லாமல் போகும் என்பதால், பேட்டரியைக் கழற்றி வீட்டில் சார்ஜ் செய்யக்கூடிய மாடலையே தேர்ந்தெடுங்கள்.