பிரித்துக் கொடுத்தும் குப்பைக் கிடங்கு ஏன் வளர்கிறது? ஊரும் வீடும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு வாளி கொடுத்துச் சில வருடம் ஆகிறது. பச்சை வாளி மக்கும் குப்பைக்கு, நீலம் மக்காத குப்பைக்கு. இன்று பல வீடுகளில் நீல வாளியில் துணி ஊறுகிறது, பச்சை வாளியில் எல்லாமே விழுகிறது. கேட்டால் வருகிற பதில் ஒன்றுதான்: "நாங்க பிரிச்சுதான் கொடுத்தோம், வண்டியில ஒண்ணாத்தானே கொட்டினாங்க?"

அவர்கள் சொல்வது உண்மை. நானே வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் வண்டியோடு வருகிற அம்மாவிடம் பேசிப் பாருங்கள். பத்து வீட்டில் மூன்று வீடு பிரித்துக் கொடுத்தால் அதை எங்கே தனியாக வைப்பது என்று அவர் கேட்பார். அதுவும் உண்மைதான். குப்பைத் திட்டங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில்தான் நின்றுபோகின்றன. எங்கெங்கே நின்றுபோகின்றன என்று நான் கவனித்தவற்றை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. குப்பையின் எதிரி ஈரம். நம் ஊர்களின் வீட்டுக் குப்பையில் எடைக்குப் பாதி, சில இடங்களில் அதற்கு மேலும், சமையலறைக் கழிவுதான். காய்கறித் தோல், மீந்த சோறு, வாழை இலை, காபித்தூள், மீன் செதில். இவை தனியாக இருந்தால் உரமாகும், எரிவாயுவாகவும் ஆகும். மீதியுள்ள பேப்பர், அட்டை, பாட்டில், தகரம் தனியாக இருந்தால் கடையில் காசாகும். இரண்டும் ஒரே பையில் ஒரு ராத்திரி கிடந்தால் போதும், இரண்டுமே கெட்டுவிடும். சாம்பாரில் ஊறிய செய்தித்தாளைப் பழைய பேப்பர்காரர் எடுக்க மாட்டார். ஷாம்பு பாக்கெட்டும் பேட்டரியும் கலந்த உரத்தை எந்த விவசாயியும் நிலத்தில் போட மாட்டார்.

அப்படிக் கலந்தது கிடங்குக்குப் போய் மலையாகக் குவிகிறது. அடியில் காற்றுப் படாமல் அழுகும் சோறும் தோலும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. வெயில் காலத்தில் அது பற்றிக்கொண்டால் மேலே இருக்கும் பிளாஸ்டிக் சேர்ந்து எரியும். சென்னை பெருங்குடியில் 2022 ஏப்ரலிலும், கொச்சி பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சிலும், கோவை வெள்ளலூரில் 2024 ஏப்ரலிலும் நாள்கணக்கில் எரிந்தது இப்படிச் சேர்ந்த குப்பைதான். பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரத்திலிருந்து தொடங்குவது

ஒரு நகராட்சி குப்பைக்குத் திட்டம் போடும்போது முதலில் கண்ணில் படுவது பெரிய ஆலை. எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்ற யோசனை இப்போதும் ஊருக்கு ஊர் வருகிறது. டெல்லி திமார்பூரில் 1987-லேயே ஒரு குப்பை எரி ஆலை கட்டினார்கள். வந்து சேர்ந்த குப்பையில் ஈரமும் மண்ணும் அதிகம், எரியும் திறன் குறைவு. ஆலை சீக்கிரமே நின்றுபோனது. ஐரோப்பியக் குப்பையைப் போல நம் குப்பை காய்ந்த அட்டையும் பேக்கிங்கும் நிறைந்ததில்லை. அதோடு, ஆலை வந்துவிட்டால் அதற்குத் தினமும் தீனி போட வேண்டும். குப்பையைக் குறைக்கும் வேலையில் அக்கறை போய்விடும். என் கவலையெல்லாம் அதுதான்.

இதற்கு நேர்மாறான பாதை ஆலப்புழையில் நடந்தது. அந்த ஊர்க் குப்பை பக்கத்துச் சர்வோதயபுரத்தில் கொட்டப்பட்டு வந்தது. அங்கிருந்த மக்கள் பொறுக்க முடியாமல் வண்டிகளை மறித்தார்கள். கொட்ட இடமில்லை என்ற நிலை வந்த பிறகு, 2012-ல் நகரம் வீட்டுச் சமையலறை பக்கம் திரும்பியது. வீடுகளுக்கு மானியத்தில் குழாய் உரத்தொட்டி, சிறிய எரிவாயுக் கலன், இடமில்லாதவர்களுக்கு அந்தந்தப் பகுதியிலேயே காற்றோட்டமான பொது உரத்தொட்டிகள். ஈரக் குப்பை ஊரைத் தாண்டிப் பயணம் செய்யவே தேவையில்லை என்று ஆனது. 2017-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு உலகின் 5 முன்மாதிரி நகரங்களில் ஒன்றாக ஆலப்புழையைச் சொன்னது. அதே பட்டியலில் ஜப்பானின் ஒசாகாவும் இருந்தது. ஆலப்புழைக்கு இந்த யோசனை வர ஒரு நெருக்கடி தேவைப்பட்டது. நம் ஊர்களும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

வாளி கொடுத்துவிட்டு வண்டியை மறப்பது

வாளி மலிவு, படம் எடுக்கவும் வசதி. அதனால் எல்லாத் திட்டமும் வாளியில் தொடங்குகிறது. வண்டியில் தடுப்பு இருக்கிறதா, ஈரமும் உலர்வும் தனித்தனியாகப் போக இரண்டு இடம் இருக்கிறதா, அது தினமும் ஒரே நேரத்துக்கு வருமா என்பதையெல்லாம் முதலில் பார்த்திருக்க வேண்டும். மக்கள் பிரிக்கத் தொடங்கிய முதல் மாதம் மிக முக்கியம். அந்த மாதத்தில் நாலு முறை கண்ணெதிரே ஒன்றாகக் கொட்டினால், அந்த வீடு மறுபடி பிரிக்காது. அப்புறம் எத்தனை முறை நோட்டீஸ் ஒட்டினாலும் பயனில்லை.

ஈரக் குப்பையைத் தினமும், உலர் குப்பையை வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுப்பது நல்ல வழி. உலர் குப்பை வீட்டில் ஒரு வாரம் இருந்தாலும் நாறாது. வண்டிக்கும் தினமும் இரண்டு வேலை இருக்காது. எந்தக் கிழமை என்பதை ஒருமுறை முடிவு செய்த பிறகு மாற்றவே கூடாது.

தெருத்தொட்டியை எடுத்துவிடுவதும் இதே வகைத் தவறுதான். தொட்டி இல்லாத நகரம் நல்ல இலக்கு. ஆனால் காலை 7 மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர் வீட்டுக்கு 9 மணிக்கு வண்டி வந்தால் அவர் என்ன செய்வார்? பையைக் கட்டி, தொட்டி இருந்த அதே முனையில் வைத்துவிட்டுப் போவார். மாடும் நாயும் அதைக் கிழித்துப் போடும். தொட்டியை எடுக்கும் முன் அந்தத் தெருவில் யார் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். இரவுச் சிற்றுண்டிக் கடைகளுக்குத் தனி நேரம் வேண்டும்.

இன்னொரு தவறு கணக்கில் இருக்கிறது. எடுத்த குப்பைக்கு டன் கணக்கில் பணம் கொடுத்தால், ஒப்பந்தக்காரருக்குக் குப்பை கூடுவதே லாபம். ஈரத்தோடு கலந்த குப்பைக்கு எடையும் அதிகம். எத்தனை டன் எடுத்தோம் என்பதைவிட, எத்தனை டன் கிடங்குக்குப் போகாமல் தடுத்தோம் என்று அளந்தால்தான் திட்டம் தான் நினைத்த பக்கம் நகரும்.

வீட்டுக்குள் நடப்பவை

இவற்றில் பலவற்றை நானும் செய்துகொண்டிருந்தேன், தெரியாமல்தான்.

பால் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூலையை முழுதாகக் கத்தரித்து எறிகிறோம். பாக்கெட் மறுசுழற்சிக்குப் போகும் நல்ல பாலித்தீன். ஆனால் அந்தச் சின்ன முக்கோணத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது. சாக்கடைக்கோ, பச்சை வாளி வழியாக உரத்துக்கோ போய்விடும். மூலை பிரிந்து விழாதபடி பாதி மட்டும் வெட்டிப் பாலை ஊற்றுங்கள். காலிப் பாக்கெட்டைப் பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீரில் ஒருமுறை ஆட்டிக் கொடியில் போட்டுவிட்டால் போதும். சோப்புப் போட்டுக் கழுவத் தேவையில்லை. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் அதற்கென்று தனியாகக் குடம் குடமாகச் செலவழிக்கவும் வேண்டாம். உலர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

துணிப்பை என்று நம்பி நாம் வாங்கிவரும் பைகளில் பாதி துணியே இல்லை. துணிக்கடையில் பளபளவென்று கொடுக்கிறார்களே, நெய்யாத அந்தப் பை பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட 14 பொருட்களில் அதுவும் ஒன்று. உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. நுனியில் தீக்குச்சி வைத்துப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். அது வேண்டாம், புகை நல்லதில்லை. ஓரத்தை உற்றுப் பார்த்தாலே தெரியும், நெய்த துணியில் குறுக்கும் நெடுக்கும் இழை இருக்கும். 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' சொல்கிற பை அதுதான். அதையும் வீட்டில் இருபது சேர்த்து வைப்பதால் பயனில்லை. ஒன்றிரண்டைக் கிழியும்வரை எடுத்துப்போனால்தான் கணக்கு சரியாகும்.

'மக்கும் பை' என்று அச்சடித்த பைகள் இன்னொரு குழப்பம். முறையான சான்று பெற்றதாகவே இருந்தாலும், அது மக்குவதற்குப் பெரிய உரக்கூடத்தின் சூடு வேண்டும். வீட்டுத் தொட்டியில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பச்சை வாளிக்கு உள்ளே எந்தப் பையும் வேண்டாம். செய்தித்தாள் ஒரு தாளை மடித்து அடியில் போடுங்கள், அது உரத்தோடு மக்கிவிடும்.

சிப்ஸ் உறையும் ஷாம்பு சாஷேயும் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியவை. பிரிக்க முடியாததால் காயலான் கடைக்காரர் தொடமாட்டார். நம் மாநிலத்தில் இவற்றைச் சேகரித்து அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளின் சூளையில் நிலக்கரியோடு சேர்த்து எரிக்கிறார்கள். அதை மறுசுழற்சி என்று நினைத்து நிம்மதி அடைய வேண்டாம், பொருள் அதோடு முடிந்துவிடுகிறது. சாஷே ஷாம்பு நாடு முழுக்கப் பரவியதில் நம் கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு. கையில் காசு குறைவாக உள்ளவர்களுக்கு அது உதவியது என்பதையும் மறுக்க முடியாது. ஆகவே வாங்குகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உறையைத் தயாரிப்பவர் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று பிளாஸ்டிக் கழிவு விதிகள் சொல்கின்றன. ஊர்த் திட்டத்தில் அந்தப் பணம் எங்கே வருகிறது என்று வார்டு கூட்டத்தில் கேளுங்கள்.

நாப்கின், டயபர் பற்றிப் பேசக் கூச்சப்படுவதால் மிகப் பெரிய கொடுமை நடக்கிறது. 2016-ன் திடக்கழிவு விதிகளே இவற்றைச் சுற்றித் தனியாகக் கொடுக்கச் சொல்லின. சுற்றாமல் உலர் குப்பையில் போட்டால், அதைத் தரம் பிரிக்கும் பெண் வெறுங்கையால் தொடுகிறார். புனேயில் தூய்மைப் பணியாளர்கள் ஒரு வழி கேட்டார்கள்: பேப்பரில் சுற்றி, மேலே ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். பிரிக்காமலே உள்ளே என்ன என்று தெரிந்துவிடும். உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசிக்கும் இதே போலச் சுற்றி எழுதி ஒட்டுங்கள். பழைய செல்போன் பேட்டரியை எந்த வாளியிலும் போடாதீர்கள். நசுங்கினால் வண்டியிலேயே தீப்பிடிக்கும்.

உரத்தொட்டி நாறினால்

தொடங்கிய பத்தாம் நாள் நாறுகிறது, புழு வருகிறது என்று தொட்டியைத் தூக்கி மாடியில் போட்டவர்கள் நிறையப் பேர். அதற்குக் காரணமும் ஈரம்தான். ஒரு கை சமையல் கழிவுக்கு ஒரு கை காய்ந்த இலைச் சருகோ, தென்னை நார்க்கழிவோ, மரத்தூளோ போட வேண்டும். தினமும் மேலே ஒரு மூடாக்கு. மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் சொட்டக் கூடாது, உதிர்ந்தும் போகக் கூடாது. முதல் தடவை ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் பிடிக்கும். சாம்பார், ரசத்தை வடித்துவிட்டுத்தான் போட வேண்டும். தேங்காய் ஓடும் மாங்கொட்டையும் மக்க வெகு காலம் ஆகும், அவற்றைத் தனியே வையுங்கள். சாமி படத்துப் பூச்சரத்தில் நைலான் நூல் இருந்தால் உருவிவிடுங்கள். சருகைத் தெருவில் கூட்டி எரிக்கிற ஊரில் உரத்தொட்டிக்குச் சருகு இல்லை என்று தவிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. பூங்காச் சருகை மூட்டை கட்டி வார்டு அலுவலகத்தில் இலவசமாகக் கொடுத்தாலே பாதி வீடுகள் தொடர்ந்து செய்யும்.

ஏற்கெனவே செய்கிறவர்களை ஒதுக்குவது

ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிவந்த காலம் முதல் நம் ஊரில் மறுசுழற்சி நடக்கிறது. பழைய பேப்பர்காரரும், காயலான் கடையும், சாக்குப்பையோடு நடந்து பொறுக்குகிறவரும் சேர்ந்து ஓட்டும் பெரிய தொழில் அது. நகரத் திட்டம் அவர்களைத் திருடர்களைப் போல விரட்டிவிட்டு, அதே வேலைக்குப் புதிதாக ஒப்பந்தம் போடுகிறது. புனேயில் பொறுக்குகிறவர்கள் 1993-லிருந்து சங்கமாகத் திரண்டு, பிறகு கூட்டுறவாக மாநகராட்சியோடு உடன்பாடு செய்து, வீடுவீடாக எடுக்கும் வேலையை முறையாகச் செய்கிறார்கள். எந்தப் பிளாஸ்டிக்குக்கு விலை உண்டு, எதற்கு இல்லை என்று அவர்களுக்குத் தெரிகிற அளவு எந்த அறிக்கைக்கும் தெரியாது.

குறைப்பதற்கும் கெஞ்சிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. நீலகிரியில் காலி மது பாட்டில்கள் காட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022-ல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பினால் அதைக் கொடுக்கும் முறை வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது பரவியது. தண்ணீர் பாட்டிலுக்கும் இதையே கேட்கலாம்.

கடைசியாகப் பண்டிகை நாட்கள். வருடம் முழுக்க ஒழுங்காக ஓடும் ஏற்பாடு ஆயுத பூஜையின் பூசணிக்காயிலும் வாழைக்கன்றிலும் திணறும். அதற்கு முன்கூட்டியே கூடுதல் வண்டி வேண்டும். போகியன்று பழைய டயர், பாய், துணியை எரிக்காமல் இருக்கச் சென்னையில் முன்பே வாங்கிக்கொள்கிறார்கள், மற்ற ஊர்களும் கேட்டுப் பெறலாம். தீபாவளி மறுநாள் கூட்டும் பட்டாசுத் தாளை நீல வாளியில் பேப்பரோடு போடாதீர்கள். அதில் வெடிமருந்து ஒட்டியிருக்கும். சென்னையில் அதைத் தனியாகச் சேர்த்து, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புகிறார்கள். வாசலில் அதற்கென்று ஒரு தனிச் சாக்கு வைத்து, வெடிக்காமல் கிடப்பவற்றைத் தண்ணீரில் நனைத்துப் போட்டு, வருகிறவரிடம் இது பட்டாசுக் குப்பை என்று சொல்லிக் கொடுங்கள்.