லெப்டொப் திரை பார்க்கும்போது நாம் விடும் பிழைகள்

ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் நாலைந்து மணி நேரம், திரும்பி வர அதே அளவு, கினிகத்தேனைப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் இன்னும் கூட. கொழும்புக்காரர் வாங்கிய லெப்டொப்பின் திரை சரியில்லை என்றால் மறுநாளே த்ரீவீல் பிடித்துப் போய் நாலு வார்த்தை பேசி மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். நமக்கு அது ஒரு நாள் லீவு, போக வரக் காசு, மத்தியானச் சாப்பாடு. அதனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் திரும்பப் போகவே மாட்டோம், "சரி, பழகிடும்" என்று விட்டுவிடுவோம். நானும் அப்படி ஒன்றை மூன்று வருஷம் வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்திருக்கிறேன்.

அது கடையில் ஜொலித்தது. கறுப்புப் பின்னணியில் கலர் கலராக மீன் நீந்துகிற வீடியோ, வெளிச்சம் முழுசாக ஏற்றி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து பிள்ளைகளின் வினாத்தாளைத் திறந்தால் வெள்ளைப் பக்கம் நீலம் பூத்து வெளிறிக் கிடக்கிறது. மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் திரை இருட்டிக்கொண்டு மனிதர் முகமெல்லாம் பழைய பிலிம் நெகட்டிவ் மாதிரி. டிஎன் (TN) வகைத் திரை, கோணம் மாறினால் நிறமும் மாறிவிடுகிற மலிவான வகை. கடைக்காரர் பொய் எதுவும் சொல்லவில்லை, நான் எதுவும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதல் பிழை, கடை காட்டுகிற வீடியோவைப் பார்த்துத் திரையை மதிப்பது. அந்த மாதிரி வீடியோக்கள் எந்தத் திரையிலும் அழகாகத் தெரிவதற்காகவே எடுக்கப்பட்டவை. நீங்கள் ஒரு பென் டிரைவில் உங்கள் சாமான்களைக் கொண்டு போங்கள்: முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என்று ஆறு படம், வீட்டில் எடுத்த ஒரு குடும்பப் போட்டோ, கூடவே சின்ன எழுத்தில் ஒரு பக்கம் தமிழ். இந்தத் தமிழ்ப் பக்கத்தை நான் மிகவும் வற்புறுத்துவேன். ஆங்கில எழுத்துக்குப் போதுமான திரை நம் எழுத்துக்குப் போதாமல் போகலாம். 15.6 அங்குலத்தில் 1366×768 என்றால் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 பிக்ஸல் (படத்தை உண்டாக்குகிற சின்னப் புள்ளி), அதே அளவில் 1920×1080 என்றால் 141. அந்த நூறில் ணை, ஞூ, ழூ எல்லாம் சுழி மூடிக்கொண்டு ஒரு கட்டியாக நிற்கும், மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று முகத்தைக் கிட்டே கொண்டு போக வேண்டும். இதை எந்த விளம்பரத்திலும் எழுத மாட்டார்கள்.

அடுத்தது, இரண்டு மெஷினைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற விதம். ஒன்று சார்ஜரில் இருக்கும், மற்றது பெட்டரியில். பெட்டரியில் இருக்கிறபோது பல லெப்டொப்கள் தாமாகவே வெளிச்சத்தைக் குறைக்கும். போதாக்குறைக்கு, திரையில் என்ன தெரிகிறதோ அதற்கேற்ப வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற மின்சேமிப்பு வசதியும் உள்ளே இருக்கும். யாராவது 'நைட் லைட்' போட்டு விட்டிருந்தால் திரை மஞ்சளாகத் தெரியும், அதைப் பார்த்து "இது பழசு போல" என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுவோம். இரண்டையும் சார்ஜரில் போடச் சொல்லுங்கள், இரண்டிலும் வெளிச்சத்தை முழுசாக ஏற்றுங்கள், நைட் லைட்டை நிறுத்துங்கள், அப்புறம் ஒரே படத்தை இரண்டிலும் திறங்கள். அப்போதும் ஒன்று கொஞ்சம் மஞ்சள், மற்றது கொஞ்சம் நீலம் என்றுதான் இருக்கும். அது குறையே இல்லை. தனியாக வைத்துப் பத்து நிமிஷம் பார்த்தால் கண் எதற்கும் பழகிவிடும். நேராகப் பார்த்தது போதாது என்று நினைத்து இடமிருந்து, வலமிருந்து, முக்கியமாகக் கீழிருந்து பாருங்கள். டிஎன் திரை அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே ஏமாறுவது சுலபம். விலைப்பட்டியலில் 'ஃபுல் எச்டி' என்று பெரிதாக இருக்கும். அது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டும்தான், நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது, டிஎன் திரையும் ஃபுல் எச்டி ஆக இருக்கலாம். திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதை என்டிஎஸ்சி (NTSC), எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற இரண்டு அளவுகோலில் சொல்வார்கள். '45% என்டிஎஸ்சி' என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய எஸ்ஆர்ஜிபியில் 60 சொச்சம் சதவீதம், சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கும். '72% என்டிஎஸ்சி' அல்லது '100% எஸ்ஆர்ஜிபி' என்றால் நல்லது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் 72 சிறிது 100 பெரிது என்று எண்ணி ஏமாற வேண்டாம். எழுதுவது, கணக்குப் பார்ப்பது, சூமில் வகுப்பு என்று மட்டும் இருப்பவர்களுக்கு 45 போதும். கலியாண போட்டோ எடிட் பண்ணிப் பிழைக்கிற தம்பிமார் அதன் பக்கமே போகக் கூடாது. திரையில் மங்கலாகத் தெரிகிற சேலையின் நிறத்தை ஏற்றி ஏற்றி, பிரிண்ட் வந்ததும் மணப்பெண் முகம் தக்காளி நிறத்தில் நிற்கும்.

வெளிச்சத்தை 'நிட்ஸ்' என்ற அலகில் சொல்வார்கள். விலை குறைந்தவற்றில் 250 சகஜம். இதை வைத்து மற்ற ஊர்க்காரர்கள் "குறைந்தது 400 வேண்டும்" என்று சொல்வதை அப்படியே தூக்கிக்கொண்டு வர வேண்டாம். லயத்து அறையில், ஒரு சின்ன ஜன்னல், மத்தியானம் மூன்று மணிக்கே லைட் போடுகிற இடத்தில், 250 தாராளம். இரவில் அதையும் குறைத்துத்தான் வைப்போம். ஆனால் வாசலைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்பவர் என்றால் கதை வேறு. நம் ஊர் மூட்டம் ஒரு வேடிக்கையான விஷயம், வெயில் இல்லை என்று நினைப்போம், ஆனால் வானம் முழுவதும் ஒரே வெள்ளை விளக்காக நின்று பளபளப்பான திரையில் வாசலை அப்படியே காட்டும். அங்கே நிட்ஸை ஏற்றுவதை விட மினுங்காத, மேட் பூச்சுத் திரை வாங்குவதுதான் புத்தி.

பெட்டியைத் திறக்காமல் வாங்குவது இன்னொரு பிழை, என் கணக்கில் மிகப் பெரிய பிழை. மேசையில் இருந்ததைப் பார்த்துத் திருப்தியாகி, "புதுசு ஒன்று தாங்க" என்று சீல் உடையாத பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறோம். ஒரே மொடல் பெயரில் வெவ்வேறு கம்பனித் திரைகள் வரும். பிஓஇ, ஏயூஓ, இன்னோலக்ஸ், எல்ஜி டிஸ்ப்ளே என்று பேனல் செய்கிறவர்கள் வேறு, லெப்டொப்பில் பெயர் போடுகிறவர் வேறு. பாவித்த லெப்டொப் சந்தையில் இது இன்னும் மோசம். உதாரணத்துக்கு, திங்க்பேட் டி480 என்று 2018இல் வந்த ஒன்று. அதே பெயரில் 1366×768 டிஎன் திரையோடும் வந்தது, 1920×1080 ஐபிஎஸ் (IPS, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) திரையோடும் வந்தது. பெயரைச் சொல்லி விலை பேசினால் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது. எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற இலவச மென்பொருளில் மொனிட்டர் என்ற பகுதிக்குப் போனால் பெரும்பாலும் பேனலின் குறியீடு தெரியும், அதைக் கூகுளில் போட்டால் வகையும் நிட்ஸும் கிடைக்கும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, உங்கள் பெட்டியைத் திறந்து உங்கள் மெஷினில் அந்த ஆறு படத்தையும் ஓட்டுங்கள். பத்து நிமிஷ வேலை.

சரி, இனி எதிர்ப்பக்கம். இத்தனையும் படித்த பிறகு சிலருக்கு ஒரு நோய் பிடிக்கும். இரவில் லைட்டை அணைத்து, கறுப்புப் படத்தைப் போட்டு, மூலை மூலையாகத் தேடுவார்கள். தேடினால் கிடைக்கும்! ஐபிஎஸ் திரையில் மூலைகளில் ஒரு மங்கலான பால் வெளிச்சம் இயல்பாகவே உண்டு. தலையை நகர்த்திப் பாருங்கள். நீங்கள் நகர அதுவும் நகர்ந்தால், மாறினால், அது அந்த வகைத் திரையின் குணம். நீங்கள் எங்கே போனாலும் ஓரத்தில் ஒரே இடத்தில் டோர்ச் அடித்த மாதிரி நின்றால், பின்வெளிச்சம் கசிகிறது என்று அர்த்தம். அதையும் போனில் படம் எடுத்து அளக்காதீர்கள். இருட்டில் போன் கெமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத கசிவு படத்தில் தீப்பிடித்த மாதிரி இருக்கும். அந்தப் படத்தைக் கடைக்காரருக்கு அனுப்பிச் சண்டை பிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

பிக்ஸல் குறை வேறு. ஃபுல் எச்டி திரையில் 20 இலட்சத்துக்கும் மேல் பிக்ஸல், ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப்பிக்ஸல். வெள்ளைப் படத்தில் கறுப்பாக நிற்பது செத்த பிக்ஸல். முதலில் ஈரத்துணியால் துடையுங்கள், பாதிக்குப் பாதி அது தூசிதான். கறுப்புப் படத்தில் சிவப்போ பச்சையோ எரிந்துகொண்டு நிற்பது ஒட்டிக்கொண்ட பிக்ஸல். நிறத்தை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டுகிற மென்பொருளைச் சில மணி நேரம் ஓடவிட்டால் சில வேளை அது விடுபடும். வலிப்பு உள்ளவர் வீட்டில் இருந்தால் அதை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். செத்தது திரும்பாது. விரலால் அமுக்கிப் பிசைந்தால் சரியாகும் என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது, ஒரு புள்ளியைச் சரிசெய்யப் போய் ஒரு ரூபாக் குத்தி அளவு வெளிறிய தழும்பை உண்டாக்கிய வைத்தியம் அது.

ஒரு பிக்ஸல் செத்தால் வொரண்டியில் மாற்றித் தருவார்கள் என்று நம்புவதும் பிழை. பழைய ஐஎஸ்ஓ 13406-2 தரநிலையிலேயே, இரண்டாம் வகுப்புத் திரை என்றால் பத்து இலட்சம் பிக்ஸலுக்கு எப்போதும் எரிவது 2, எப்போதும் இருண்டது 2 வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது. 2008இல் ஐஎஸ்ஓ 9241-307 வந்தது, அதிலும் எந்த வகுப்புக்கு எத்தனை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று உண்டு. எத்தனை இருந்தால் மாற்றுவோம் என்பதைக் கம்பனி கம்பனியாக வைத்திருக்கிறார்கள், அதை வாங்கும் முன் கேட்டு, முடிந்தால் பில்லில் எழுதி வாங்குங்கள்.

எந்தக் குறையைப் பார்த்தாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இது இருந்த இடத்தில் இருக்குமா, வளருமா? செத்த பிக்ஸல் ஒன்று, மூலைப் பால் வெளிச்சம், கொஞ்சம் மஞ்சள், இவை பொதுவாக அப்படியே கிடக்கும். கோடு விழுந்தால் சும்மா விடாதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். படத்திலும் கோடு இருந்தால் திரையில் பிழை இல்லை, டிரைவரோ கிராபிக்ஸோ. படத்தில் இல்லையென்றால் மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். கோடு வந்து வந்து போனால் கீல் வழியாகப் போகிற கேபிளாக இருக்கலாம், அது சின்னச் செலவு. அசையாமல் நின்றால் பெரும்பாலும் பேனல்தான். டிவியில் எச்டிஎம்ஐ போட்டுப் பார்த்து, அங்கே சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கிராபிக்ஸில் பிழை இல்லை. இதைச் செய்யாமல் கொண்டுபோய்க் கொடுத்து, கேபிளுக்குப் பதில் முழுத் திரைக்குக் காசு கட்டியவர்கள் உண்டு.

வெள்ளைத் தழும்புகளும் வளரும், காரணம் நாமே. காலையில் தலவாக்கலைப் பஸ்ஸில் பையை முன்னால் மாட்டிக்கொண்டு நிற்கிறோம், உள்ளே லெப்டொப், அதன் மூடியில் சாய்ந்தபடி சோற்றுப் பெட்டி, பின்னால் இருந்து நாற்பது பேர் தள்ளுகிறார்கள். மூடிப் பக்கம் முதுகை அல்லது வயிற்றைப் பார்த்து, அதில் ஒன்றும் உரசாமல் வையுங்கள், சார்ஜரைப் பையின் வேறு அறையில் போடுங்கள். கீபோர்டில் பேனையை மறந்து மூடியை அமுக்கினால் கதை அன்றோடு முடிந்தது. திரையில் கீபோர்டின் கட்டங்கள் அச்சடித்த மாதிரி தெரிந்தால் பயப்படாதீர்கள், விரல் எண்ணெய்தான், மைக்ரோஃபைபர் துணியைச் சுத்தமான நீரில் லேசாக நனைத்துத் துடைத்தால் போய்விடும். கண்ணாடி துடைக்கிற அமோனியாத் திரவம் வேண்டாம், எதையும் நேராகத் திரையில் விசிறவும் வேண்டாம், வடிந்து கீழ் விளிம்புக்குள் போகும்.

குளிரும் ஒரு விஷயம். நுவரெலியாவில் ஜனவரி விடியலில் குளிர்ந்து கிடந்த மெஷினைப் பையில் போட்டு, மத்தியானம் கொழும்பின் புழுக்கத்தில் திறந்து உடனே போடுவது நல்லதல்ல. குளிர்ந்த சோடாப் போத்தலில் வியர்க்கிறதே, அதே வியர்வை உள்ளேயும் பிடிக்கும். பையை மூடியபடியே அரைமணி, ஒரு மணி நேரம் விடுங்கள்.

என் அக்கா மகளின் லெப்டொப்பில் ஒரே ஒரு பிக்ஸல் செத்திருக்கிறது, வாங்குகிற நாளே தெரியும், அதைக் காட்டித்தான் இரண்டாயிரம் ரூபா குறைத்தோம். நடுவில் சற்று மேலே, சரியாக எழுத்து ஓடுகிற இடத்தில். ஒரு நாள் போன் பண்ணி, "மாமா, இந்த 'க' மேல புள்ளி போகவே மாட்டேங்குது, மூணு தடவ அழிச்சுட்டு அடிச்சுட்டேன்" என்றாள். பக்கத்தைக் கொஞ்சம் மேலே நகர்த்திப் பாரு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இப்ப 'த' மேல இருக்கு" என்றாள்.