பர்மா பஜார் அத்தோ: கலக்கும்போதே வாய் திறந்து கேளுங்கள்

அத்தோவை வழக்கமான நூடுல்ஸ் என்று நினைத்துச் சாப்பிடப் போனால் ஏமாற்றம்தான். பர்மிய மொழியில் 'அத்தோ' என்றால் கையால் பிசைந்த கலவை. 1962-இல் பர்மாவில் (இன்றைய மியான்மர்) ராணுவ ஆட்சி வந்தபின் ஊர் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த பண்டம் இது. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பஜார், இரண்டாவது லைன் பீச் தெருப் பக்கங்களில் பொழுது சாய்ந்ததும் வண்டிக் கடைகள் களைகட்டும்.

முதலில் வண்டியைக் கொஞ்சம் நோட்டம் விடுங்கள். முட்டைக்கோசும் வெங்காயமும் பச்சையாகவே சேர்கின்றன. அவற்றை அவ்வப்போது நறுக்கிப் போடுகிற, கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கிற கடையே நல்லது. கோஸ் ஓரம் பழுத்து வாடியிருந்தால் அடுத்த வண்டிக்குப் போய்விடலாம்.

கடைக்காரர் கிண்ணத்தில் ஆரஞ்சு நிற நூடுல்ஸைப் போட்டு, கோஸ், வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், இடித்த மிளகாய், உப்பு, வறுத்த கடலைமாவு என்று வரிசையாக அள்ளிப் போட்டுப் பிசைவார். ஒரு நிமிடம்கூட ஆகாது. காரம் குறைவாக வேண்டும், புளிப்பு தூக்கலாக வேண்டும் என்பதையெல்லாம் அப்போதே சொல்லிவிட வேண்டும். தட்டு கைக்கு வந்தபின் எலுமிச்சை பிழியலாமே தவிர, மிளகாயைத் திரும்ப எடுக்க முடியாது. சைவக்காரர்கள் நூடுல்ஸில் முட்டை உண்டா, சூப் எதில் காய்ச்சியது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மேலே நொறுக்கிப் போடுவது பேஜோ. பர்மியத்தில் 'பே' பருப்பு, 'ஜோ' பொரித்தது. நம் தட்டைக்குத் தூரத்துச் சொந்தம். புளித்தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் அது நமுத்துவிடும். அதனால் படம் பிடிப்பதை இரண்டாவது தட்டுக்கு வைத்துக்கொண்டு உடனே சாப்பிடுங்கள். பார்சல் என்றால் பேஜோவைத் தனியே கட்டித் தரச் சொல்லுங்கள்.

கூடவே வரும் வாழைத்தண்டு சூப்பை நடுநடுவே உறிஞ்சுங்கள். வறண்ட கலவை தொண்டையில் இறங்க அது வேண்டும். மசாலா முட்டை தனிக் கணக்கு: அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டு எண்ணெயும் புளியும் மிளகாயும் திணித்திருப்பார்கள். கடித்தால் மசாலா சட்டையில்தான் விழும், முழுசாக வாயில் போடுங்கள். அதே சூப்பில் அரிசி நூடுல்ஸ் மிதந்தால் அதற்குப் பெயர் மொய்ங்கா. மழை நாளில் அத்தோவைவிட அதற்கே எங்கள் ஓட்டு.

வீட்டில் செய்வதானால் இருவருக்கு 200 கிராம் உலர்ந்த நூடுல்ஸ் போதும். குழையாமல் வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, நன்றாக வடித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் புரட்டி முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு பிசைந்தால் களியாகிவிடும். மெல்லிசாகச் சீவிய கோஸ் ஒரு கப், வெங்காயம் ஒன்று, கெட்டிப் புளித்தண்ணீர் 3 மேசைக்கரண்டி, இடித்த வறுமிளகாய் ஒரு தேக்கரண்டி, வறுத்த கடலைமாவு 2 மேசைக்கரண்டி. மாவுதான் புளியையும் எண்ணெயையும் நூடுல்ஸோடு ஒட்டவைக்கிறது, ஆனால் அளவு மிஞ்சினால் விக்கும்.

பலர் கோட்டை விடுவது பூண்டு எண்ணெயில். கால் கப் எண்ணெயில் 12 பல் பூண்டைச் சீவிப் போட்டு, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். வெளிர் பொன்னிறம் வரும்போதே இறக்கி, பூண்டை அரித்தெடுத்துவிட வேண்டும். இறக்கிய பிறகும் எண்ணெய்ச் சூட்டில் அது சிவந்துகொண்டே போகும். பழுப்பாகிவிட்டால் கசப்பு மொத்தக் கலவையிலும் ஏறிவிடும், எந்தப் புளியும் அதை மறைக்காது. ஆறிய எண்ணெயில் 3 மேசைக்கரண்டி கலவைக்கு, மீதி முட்டைக்கு. எல்லாவற்றையும் கையால் பிசைந்து, உப்பு பார்த்து, பொரித்த பூண்டையும் கொத்தமல்லியையும் தூவி, சாப்பிட உட்கார்ந்த பிறகு பேஜோவை நொறுக்குங்கள். பேஜோ கிடைக்காத ஊரில் தட்டையே போதும்.