வாஸ்குலர் கன்சல்ட் கேக்கறதுக்கு முன்னாடி போர்வையை விலக்கி ரெண்டு காலையும் பாருங்க

வார்டுல புதுசா டியூட்டி போடுற டாக்டருங்களுக்கும் நைட் ஷிஃப்ட் பாக்குற சிஸ்டருங்களுக்கும் சேத்துதான் இதை எழுதுறேன். வேற ஒரு டிபார்ட்மெண்ட்ல அட்மிட் ஆகி இருக்கிற பேஷண்டுக்கு வாஸ்குலர் சர்ஜன், அதாவது ரத்தக்குழாய் ஆபரேஷன் பண்ற டாக்டரோட ஒப்பீனியன் வேணும்னா, கன்சல்ட் ஃபார்ம்ல "கால் வலி, பாத்து சொல்லவும்"னு ஒரு வரி எழுதி அனுப்பிட்டு நம்ம வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கிறோம். அந்த ஒரு வரியை வெச்சு, இப்பவே ஓடி வரணுமா இல்ல நாளைக்கு ரவுண்ட்ஸ்ல பாத்தா போதுமான்னு அவருக்கு எப்படி தெரியும்?

நான் வேலைக்கு சேந்த புதுசுல ஒரு வயசான அம்மாவுக்கு நைட்டெல்லாம் கால் வலி, ரெண்டு தடவை வலி ஊசி போட்டோம், கேஸ் ஷீட்ல மூணு நாளா "பல்ஸ் நார்மல்"னு எழுதியிருந்துச்சு, நானும் அதையே பாத்து எழுதினேன். காலையில போர்வையை எடுத்தா இடது பாதம் மெழுகு மாதிரி வெளுத்து கிடக்கு, தொட்டா ஜில்லுனு இருக்கு, விரலை ஆட்டுங்கம்மான்னா அவங்களால ஆட்ட முடியல, ரத்தக்குழாய் அடைச்சு காலுக்கு ரத்தமே போகல. அன்னையிலேருந்து தொட்டுப் பாக்காம பல்ஸ்னு ஒரு வார்த்தை நான் எழுதினதில்ல.

அதனால போனை எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு காலையும் சேத்து பாருங்க, ஒரு காலை மட்டும் பாத்தா ஒண்ணும் புரியாது. உங்க புறங்கையால முட்டியிலேருந்து பாதம் வரைக்கும் தடவிக்கிட்டே போனா எந்த இடத்துல சூடு மாறுதுன்னு தெரியும், அந்த இடத்தை குறிச்சுக்கோங்க. பல்ஸ் பாக்கும்போது கட்டை விரலை வெக்காதீங்க, உங்க பல்ஸே உங்களுக்கு அடிக்கும். சந்தேகமா இருந்தா இன்னொரு கையை பேஷண்ட் மணிக்கட்டுல வெச்சு ரெண்டும் ஒண்ணா அடிக்குதான்னு பாருங்க. தொடை மடிப்பு, முட்டிக்கு பின்பக்கம், உள் கணுக்காலுக்கு பின்னாடி, பாதத்துக்கு மேல, இந்த நாலு இடத்தையும் பாக்கணும். பாதத்து மேல இருக்கிற பல்ஸ் சில பேருக்கு பிறவியிலேயே கிடைக்காது, ஆனா அவங்களுக்கு ரெண்டு கால்லயும் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம், அதுக்காகவும்தான் ரெண்டையும் பாக்க சொல்றேன்.

கைக்கு கிடைக்கலன்னா கை டாப்ளரை, அதாவது ரத்த ஓட்டத்தை சத்தமா கேக்க வைக்கிற சின்ன மெஷினை எடுங்க. ஜெல்லை தாராளமா வைங்க, ப்ரோபை நேரா குத்தாம சாய்ச்சு பிடிங்க, அழுத்தாதீங்க, லேசான ரத்த ஓட்டம்னா அழுத்தினாலே நின்னு போயிடும். நல்ல ரத்தக்குழாய்ல சத்தம் துண்டு துண்டா, டக்குனு ஏறி இறங்கி ரெண்டு மூணு பாகமா கேக்கும். மேல எங்கயாவது அடைப்பு இருந்தா ஒரே இழுவையா மெதுவா "வூஷ்... வூஷ்"னு வரும். காத்து அடிக்கிற மாதிரி ஓயாம கேட்டா அது வெயின், பாதத்தை லேசா அமுக்கினா சத்தம் கூடும். அதை ஆர்ட்டரின்னு நினைச்சு "சிக்னல் இருக்கு"ன்னு சொல்லிடாதீங்க, இது நிறைய பேர் பண்ற தப்பு.

எல்லாத்தையும் விட முக்கியம் ரெண்டு கேள்வி. தொட்டா தெரியுதா, விரலும் கணுக்காலும் ஆடுதா? வலி மட்டும் இருந்து உணர்ச்சியும் அசைவும் சரியா இருந்தா கொஞ்சம் டைம் இருக்கு. விரல் நுனி மட்டும் மரத்திருந்தா சீக்கிரம் பாக்கணும். மரப்பு விரலைத் தாண்டி மேல ஏறி அசைவும் குறைய ஆரம்பிச்சா அது இந்த நிமிஷத்து எமர்ஜென்சி. ரத்தம் போகாத தசை சுமார் 6 மணி நேரத்துல திரும்ப சரி பண்ண முடியாத அளவுக்கு கெட ஆரம்பிக்கும், அந்த கணக்கு நீங்க பாத்த நேரத்துலேருந்து இல்ல, வலி ஆரம்பிச்ச நேரத்துலேருந்து ஓடுது.

போன்ல பேசும்போது பேஷண்டோட முழு கதையிலேருந்து ஆரம்பிக்காதீங்க. முதல் வாக்கியத்துலயே விஷயத்தை சொல்லுங்க: "சார், 68 வயசு, ராத்திரி 2 மணிக்கு திடீர்னு வலது கால் வலி, தொடை பல்ஸ் இருக்கு அதுக்கு கீழ இல்ல, டாப்ளர்லயும் பாதத்துல சிக்னல் இல்ல, விரல் மரத்திருக்கு ஆனா ஆடுது, இதயத்துடிப்பு ஒழுங்கில்லாம இருக்கு, ஆபரேஷனுக்காக ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை 4 நாள் முன்னாடி நிறுத்தினாங்க." இவ்ளோ சொன்னா போதும், அவர் சட்டையை மாட்டிக்கிட்டே மத்ததை கேப்பார். கடைசியா சாப்பிட்ட நேரம், கிரியாட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற ரத்த டெஸ்ட்), பிளேட்லெட், முன்னாடி ஸ்டென்ட்டோ பைபாஸோ பண்ணியிருக்காங்களா, நல்லா இருக்கும்போது எவ்ளோ தூரம் நடப்பாங்க, இதெல்லாம் கையில எழுதி வெச்சுக்கோங்க. கிரியாட்டினின் ரிசல்ட் வரலன்னு போன் பண்றதை தள்ளிப் போடாதீங்க, அது வர்ற வரைக்கும் கால் காத்திருக்காது.

அவர் வர்றதுக்குள்ள ஹெபாரின் (ரத்தம் உறையாம இருக்கிற ஊசி) ஆரம்பிக்கலாமான்னு அதே போன்லயே கேளுங்க, சமீபத்துல மூளையில ரத்தக்கசிவு, முதுகுல எபிடியூரல், பெரிய ஆபரேஷன், முன்னாடி ஹெபாரினால பிளேட்லெட் குறைஞ்சது, இதுல ஏதாவது இருந்தா கண்டிப்பா சொல்லணும். வாய் வழியா எதுவும் குடுக்காதீங்க. ரத்தம் போகாத காலை தலகாணி வெச்சு தூக்கவே கூடாது, கொஞ்சம் கீழ இருந்தாதான் நல்லது. ஜில்லுனு இருக்கேன்னு வீட்டுக்காரங்க வெந்நீர் பை கொண்டு வந்து வெப்பாங்க, பாசத்துலதான் வெப்பாங்க, ஆனா மரத்த கால் வெந்து போனாலும் பேஷண்டுக்கு தெரியாது, எடுத்துடுங்க. பஞ்சு சுத்தி குதிகால் படுக்கையில அழுந்தாம பாத்துக்கோங்க.

சர்க்கரை நோயாளி கால் புண்ணுக்கு கன்சல்ட் போடுறப்ப கட்டைப் பிரிச்சு பாத்துட்டு போடுங்க. காஞ்சு கருத்த விரல்னா நாளைக்கு பாக்கலாம். சீழ், நாத்தம், சிவப்பு மேல ஏறுது, காய்ச்சல்னா அதை அன்னிக்கே திறந்து விடணும், ரத்த ஓட்டத்தை சரி பண்றது அடுத்தபடியா வரும். ஏபிஐ, அதாவது கணுக்கால் பிரஷரையும் கை பிரஷரையும் ஒப்பிடுற கணக்கு பாத்தா, கணுக்கால் பிரஷரை ரெண்டு கையில எது அதிகமோ அதால வகுக்கணும், 0.9-க்கு கீழ வந்தா அடைப்பு. ஆனா சர்க்கரையும் கிட்னி நோயும் இருக்கிறவங்களுக்கு குழாய் சுண்ணாம்பு படிஞ்சு கல்லு மாதிரி ஆயிடும், 1.4-க்கு மேல வரும், அதை நார்மல்னு எழுதாதீங்க, கால் விரல் பிரஷர் கேளுங்க. பல்ஸ் பாக்காம வீங்கின காலுக்கு இறுக்கமா கட்டு போடுறதும் ஸ்டாக்கிங் மாட்டுறதும் வேண்டவே வேண்டாம்.

சாதாரண டிவிடிக்கு (கால் வெயின்ல ரத்தம் உறையறது) பெரும்பாலும் மருந்தே போதும், சர்ஜனை எழுப்ப வேண்டியதில்ல. கால் முழுசும் நீலமா டைட்டா வீங்கிட்டா உடனே கூப்பிடுங்க. வயித்து பெருந்தமனி வீக்கம் ஸ்கேன்ல தற்செயலா தெரிஞ்சா அளவை எழுதி நிதானமா கேக்கலாம், ஆம்பளைங்களுக்கு 5.5 சென்டிமீட்டர் தாண்டினாதான் பொதுவா ஆபரேஷன் பேச்சு வரும். அதே வீக்கத்தோட வயித்துலயோ முதுகுலயோ வலி வந்து பிரஷர் இறங்குச்சுன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம கூப்பிடுங்க. டயாலிசிஸ் ஃபிஸ்டுலாவுல (டயாலிசிஸுக்காக ஆர்ட்டரியையும் வெயினையும் சேத்து வெச்ச இடம்) ரத்தம் பீய்ச்சினா பஞ்சை அடுக்கி மூடாம அந்த ஓட்டை மேல ஒரு விரலை வெச்சு அழுத்திக்கிட்டே ஆள் கூப்பிடுங்க.

அடைப்பு எடுத்துட்டு பேஷண்ட் திரும்பி வந்த பிறகு எல்லாரும் பெருமூச்சு விடுற நேரத்துலதான் அசந்துடுறோம். ரத்தம் திரும்ப பாயும்போது ஆடுசதை வீங்கி உள்ளேயே நெரியும், விரலை மெல்ல மேல மடக்கினா தாங்க முடியாம கத்துவாங்க, அப்ப பல்ஸ் இருந்தாலும் உடனே சர்ஜனுக்கு சொல்லணும். ரத்தத்துல பொட்டாசியம் ஏறும், அதையும் பாருங்க. டாப்ளர் சிக்னல் கிடைச்ச இடத்துல அழியாத பேனாவால ஒரு பெருக்கல் குறி போட்டு நேரத்தையும் எழுதி வைங்க. ஷிஃப்ட் மாறும்போது வாயால சொல்லிட்டு போகாம அடுத்து வர்றவங்களை கட்டிலுக்கு கூட்டிட்டு போய், அதே குறி மேல ப்ரோபை வெச்சு, ரெண்டு பேரும் சேந்து அந்த சத்தத்தைக் கேளுங்க.