ஏற்காட்டுத் தொட்டிக்கு ஒரு நீர்மூழ்கி: பழைய ரிமோட் மாதிரியைச் சரிசெய்வது எப்படி?

பழைய ரிமோட் நீர்மூழ்கி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் அது பெரும்பாலும் ஒருமுறையாவது தண்ணீர் குடித்ததாகத்தான் இருக்கும். எனக்குக் கிடைத்ததும் அப்படித்தான். 80 செ.மீ. நீளம், வெளியே அழகான ஓடு, உள்ளே ஒரு அக்ரிலிக் உருளை. பேட்டரி, மோட்டார், ரிசீவர் எல்லாம் அந்த உருளைக்குள்தான் இருக்கின்றன. வெளி ஓட்டுக்குள் தண்ணீர் தாராளமாகப் புகலாம். உருளைக்குள் ஒரு சொட்டும் புகக்கூடாது.

திறந்து பார்ப்பது

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். லித்தியம் பேட்டரி நனைந்திருந்தாலோ உப்பியிருந்தாலோ அதை மறுபடி சார்ஜ் செய்யவே வேண்டாம். பணத்தைப் பார்த்தால் வீட்டைப் பார்க்க முடியாது.

ரிசீவர் பலகையில் பச்சை பூத்திருந்தால், டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுப் பழைய பல் துலக்கியால் மெல்லத் தேய்த்து, இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். அரிசிக்குள் புதைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அரிசியும் வேண்டாம், நம் சேலத்து ஜவ்வரிசியும் வேண்டாம்; மாவுத் தூசி இணைப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான் பலன்.

விட்டுப்போன கம்பிகளைப் பற்றவைக்க உங்களுக்குக் கை வராவிட்டால், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளில் பற்றவைக்கும் கைகளைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். உலோகம், வெப்பம் எல்லாம் வேறு. இருந்தாலும் இடத்தைச் சுத்தம் செய்த பிறகே நெருப்பைக் காட்ட வேண்டும் என்ற ஒழுங்கை அங்கேதான் நான் கற்றேன்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது

இதற்குப் பஞ்சர் கடை முறைதான். உருளையின் மூடியில் ஒரு சிறு துளையிட்டு மரை வெட்டி, அதில் ரப்பர் வளையத்துடன் ஒரு 3 மி.மீ. திருகைப் பொருத்துங்கள். இதைக் காற்றுத் திருகு என்று வைத்துக்கொள்வோம். திருகைக் கழற்றி, அந்தத் துளையில் இறுக்கமாக நுழையும் மெல்லிய குழாயைச் செருகி, உருளையை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, வாயால் ஊதுங்கள். சைக்கிள் பம்ப் வேண்டாம், மூடி பறந்துவிடும். வாயால் அழுத்தி ஊதினாலே அரை மீட்டர் ஆழத்துத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தத்துக்குக் குறையாமல் கிடைக்கும். குமிழி வருகிற இடங்களை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

என்னுடையதில் மூன்று இடங்கள். மூடியின் ஓ ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்), புரொப்பல்லர் தண்டு, சுக்கானுக்குப் போகும் கம்பி.

ஓ ரிங்கை அளந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். பழையதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போர்வெல் மோட்டார் உதிரிபாகக் கடைக்குப் போங்கள். சேலத்தில் அந்தக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. புதிய வளையத்தில் சிலிகான் கிரீஸைப் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். வளையம் உட்காரும் பள்ளத்தில் ஒரே ஒரு தலைமுடி கிடந்தாலும் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்துவிடும்.

புரொப்பல்லர் தண்டுக்குச் சிறிய ஆயில் சீல் போடுங்கள்; சுழலும் தண்டைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் வளையம் அது. அதன் சுருள்கம்பி தெரியும் பக்கம் தண்ணீரைப் பார்த்து இருக்க வேண்டும். நான் முதலில் திருப்பிப் போட்டேன், அழகாகக் கசிந்தது. புளித்த வாடை வீசும் சாதாரண சிலிகான் பசையை உருளைக்குள் எங்கும் பூசாதீர்கள். அது காயும்போது வெளிவரும் அமிலம் செம்பை அரித்துவிடும்.

மூழ்கவைக்கும் தொட்டி

மூழ்குவதும் எழுவதும் எடைக் கணக்கு. கப்பல் மிதக்கும்போது தண்ணீருக்கு மேலே நிற்கும் பகுதியையும் உள்ளே இழுக்க எவ்வளவு கூடுதல் எடை வேண்டுமோ, அவ்வளவு தண்ணீரைக் கப்பலுக்குள் இருக்கும் ஒரு சிறு தொட்டி குடிக்க வேண்டும். கணக்குப் பிடிக்காதவர்கள் இப்படிச் செய்யலாம்: மிதக்கும் கப்பலின் முதுகில் ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாக வையுங்கள். முதுகில் நிற்கும் கோபுரத்தின் நுனி மட்டும் தெரியும்போது நிறுத்தி, துண்டுகளை நிறுத்துப் பாருங்கள். 90 கிராம் என்றால் 90 மி.லி. வேண்டும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் 60 மி.லி. சிரிஞ்சு இரண்டு இந்தத் தொட்டியாக இருக்கப் போதும். கியர் மோட்டார் ஒரு மரையிட்ட கம்பியைச் சுழற்ற, அது இரண்டு தண்டையும் சேர்த்து இழுக்கும். இரு முனைகளிலும், தண்டு வந்து தொட்டதும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் ஒவ்வொன்று கட்டாயம். இல்லாவிட்டால் மோட்டார் தண்டைப் பிடுங்கி எறிந்துவிடும்.

எடையைக் கீழேயும் மிதவையை மேலேயும் வையுங்கள். ஈயம் அடித்தளத்தில், நீர் உறிஞ்சாத ஃபோம் முதுகுக்கு அடியில். மாற்றி வைத்தால் கப்பல் செத்த மீன்போல் புரண்டு படுக்கும். தொட்டி நிறைந்த பிறகும் பத்து கிராம் மிதப்பு மீதம் இருக்கட்டும். அந்த மிச்சத்தை வெல்ல, ஓட்டத்தில் முன்பக்கத் துடுப்பைச் சாய்த்து அமிழ்த்துங்கள். மோட்டார் நின்றால் தானாக மேலே வந்துவிடும்.

ரேடியோ

இப்போது கடையில் விற்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் காற்றில் சூரன், தண்ணீரில் பூஜ்யம். ஒரு சாண் ஆழத்துக்குள் சிக்னல் செத்துவிடும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் வகை செட்டைத் தேடிப் பிடியுங்கள். உப்புப் போர் தண்ணீர் அதையும் குறுக்கிவிடும் என்பதால் ஒத்திகைக்கு மேட்டூர்த் தண்ணீரோ மழைநீரோ நல்லது. சிக்னல் அறுந்தால் தொட்டி தானாகக் காலியாகும்படி ஃபெயில்சேஃப் அமையுங்கள். மேசைமேல் வைத்து ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். சிரிஞ்சுத் தண்டு முன்னே ஓடாவிட்டால் கப்பல் வீட்டிலேயே இருக்கட்டும்.

மலைக்கு எடுத்துப்போவது

பிற ஊர்க்காரர்களுக்கு இந்தப் பகுதி தேவைப்படாது. நான் கன்னங்குறிச்சியில் மத்தியான வெயிலில் மூடியை அழுத்திப் பூட்டிவிட்டு, மச்சானின் காரில் ஏற்காட்டுக்குக் கிளம்பினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கூடத் தாண்டவில்லை, பின் இருக்கையில் ‘டப்’ என்றொரு சத்தம். டயர் வெடித்ததென்று மச்சான் ஓரங்கட்டிவிட்டார். வெடித்தது டயரல்ல, என் மூடி.

சேலத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைகிறது. உள்ளே பூட்டிய சேலத்துக் காற்று அப்படியே இருக்கிறது. மலை உச்சியை அடையும்போது 9 செ.மீ. குறுக்களவுள்ள மூடியை அது சுமார் எட்டு கிலோ விசையுடன் வெளியே தள்ளும். வெறும் பிடிமானத்தில் நிற்கும் மூடி எப்படித் தாங்கும்?

ஆகவே காற்றுத் திருகைக் கழற்றியே எடுத்துப்போங்கள். இறங்கும்போதும் அப்படியே, பூட்டியபடி இறங்கினால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சீலில் ஒட்டியிருக்கும் ஈரத்தையும் கூட்டிக்கொண்டு வரும்.

மேலே போனதும் அவசரப்படாதீர்கள். வெயிலில் 38 டிகிரிக்குச் சூடான உருளையைப் பூட்டி, 20 டிகிரித் தண்ணீரில் விட்டால் உள்காற்று சுருங்கும். அரை மீட்டர் ஆழம் கூடியதற்குச் சமமான உறிஞ்சல் அது. கப்பல் ஆழத்துக்குப் போவதற்கு முன்பே சீல்களைச் சோதித்துவிடும். திருகு திறந்தபடி நிழலில் அரைமணி நேரம் குளிரவிட்டு, மூடியை அழுத்தி, கடைசியாகத் திருகைப் பூட்டுங்கள். திருகு பூட்டியிருக்கும்போது மூடியை அழுத்தினால் மாட்டிக்கொண்ட காற்று அதைத் திருப்பித் தள்ளும்.

ஏற்காடு ஏரி பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அங்கே படகுகள் ஓடுகின்றன, தொலைந்தால் தேடவும் முடியாது. தெரிந்தவர்களின் காப்பித் தோட்டத்தில் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் ஆழமும் தெளிந்த தண்ணீரும் போதும். முதல் நாள் முழுக்கத் தூண்டில் நரம்பைக் கட்டி, மறுமுனையில் ஒரு மிதவையைப் போட்டுவிடுங்கள்.

உருளையின் அடியில் டிஷ்யூ தாள் துண்டு ஒன்றை வைத்து, அதில் மைப்பேனாவால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். ஐந்து நிமிடம் மூழ்கவிட்டு, மேலே எடுத்துத் துடைத்து, முதலில் திருகையும் பிறகு மூடியையும் திறந்து பாருங்கள். மை பரவாமல் இருந்தால் அடுத்தது பத்து நிமிடம்.