மீன் தொட்டியில் பெரிய நத்தை: தொடக்கத்தில் நடக்கும் தவறுகள்

தொட்டிக் கண்ணாடியில் பாசி படிந்தால் பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை, ஒரு பெரிய நத்தையை வாங்கி விட்டுவிடலாம் என்பதுதான். அது தின்று துடைத்துவிடும், நமக்கு வேலை மிச்சம். பெரும்பாலான தவறுகள் இந்த நினைப்பிலிருந்தே கிளைக்கின்றன. சுத்தம் செய்யும் சாமானாக நத்தையைப் பார்ப்பவர்கள் அதற்குச் சாப்பாடு போட மறக்கிறார்கள், மீனுக்கு ஊற்றும் மருந்து அதையும் தொடும் என்பதை மறக்கிறார்கள். வீட்டுத் தொட்டிகளில் அதிகம் வளர்க்கப்படும் மிஸ்டரி நத்தை 5 சென்டிமீட்டர் வரை வளரும். எலுமிச்சம்பழம் அளவுள்ள ஓர் உயிர் கண்ணாடியில் படிந்த பாசியை மட்டும் நக்கிப் பிழைக்க முடியாது.

லேசாக வேகவைத்த கீரை, வெள்ளரித் துண்டு, கேரட், அடியில் மூழ்கும் உணவு வில்லை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். மீன்கள் வேகமானவை, நத்தை போய்ச் சேர்வதற்குள் தின்று தீர்த்துவிடும். அதனால் உணவை நத்தையின் பக்கத்திலேயே வையுங்கள். மிஞ்சியதை மறுநாள் எடுத்துவிட வேண்டும். அழுகிய காய்கறியிலிருந்து வரும் அம்மோனியா மீனையும் நத்தையையும் சேர்த்தே கொல்லும். பெரிய நத்தை நிறையக் கழிவும் போடும். கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா வளர்ந்து நிலைபெறாத புதுத் தொட்டியில் அதை விடுவது, உடம்பு தேறாதவர் தலையில் மூட்டையை ஏற்றுவது போல.

எனக்கு இன்னமும் வருத்தம் தரும் தவறு மருந்து விஷயம். மீன்கள் உடம்பில் வெள்ளைப்புள்ளி கண்டவுடன், வீட்டில் இருந்த மருந்தை லேபிளைப் படிக்காமல் ஊற்றினேன். மறுநாள் காலையில் நத்தை ஓட்டுக்குள் சுருங்கி மூலையில் கிடந்தது. இரண்டு நாளில் இறந்துவிட்டது. மீன்கள் பிழைத்தன. அந்த மருந்தில் செம்பு இருந்தது. மீனின் ஒட்டுண்ணியைக் கொல்லும் செம்பு, மிகக் குறைந்த அளவிலேயே நத்தைக்கும் நஞ்சு. பாசியை அழிக்க விற்கும் திரவங்கள் பலவற்றிலும் செம்பு சல்பேட் உண்டு. அது தொட்டி மணலிலும் கல்லிலும் தங்கி, பிறகு மெல்ல மெல்லக் கசியக்கூடும் என்பதால், தண்ணீரை மாற்றிவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்க முடியாது. மீனுக்கு நோய் வந்தால் வேறொரு தொட்டியில் வைத்து மருந்து கொடுங்கள்.

அடுத்தது ஓடு. நத்தையின் ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) 7-க்குக் கீழே இறங்கி, அதில் சுண்ணாம்புச் சத்தும் குறைவாக இருந்தால், ஓடு கரையத் தொடங்கும். முதலில் உச்சிப் பகுதி வெளுக்கும், பிறகு குழி விழும். புது ஓடு வாய்ப்பக்கத்து விளிம்பில்தான் வளர்கிறது. ஆகவே அரித்துப்போன பழைய பகுதி முன்புபோல் ஆவதில்லை. தண்ணீரைச் சரிசெய்தால் இனி வளரும் பகுதி வலுவாக வரும், அவ்வளவுதான். பிஎச் 7-க்கும் 8-க்கும் இடையில் இருக்கட்டும். தொட்டியில் ஒரு துண்டு கணவாய் ஓட்டைப் போட்டு வைக்கலாம். கழுவி நொறுக்கிய முட்டை ஓடும் உதவும். கால்சியம் போடுகிறோமே என்று உணவில் கஞ்சத்தனம் காட்டினாலும் ஓடு மெலிந்துதான் வரும்.

தொட்டியை விளிம்பு வரை நிரப்புவதும் தவறு. மிஸ்டரி நத்தை உட்பட ஆப்பிள் நத்தை இனங்களுக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. மேலே ஏறி வந்து, ஒரு குழாயை நீருக்கு வெளியே நீட்டிக் காற்றை இழுக்கும். அப்போது உடல் முன்னும் பின்னும் அசைவதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். நீர்மட்டத்துக்கு மேலே ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வெற்றிடம் விடுங்கள். அப்புறம், மூடி கட்டாயம். இரவில் ஏறி வெளியே விழுந்தால் ஓடு உடையும், இல்லையென்றால் காய்ந்து சாகும். ஃபில்டரின் உறிஞ்சு வாயில் ஸ்பாஞ்ச் மாட்டினால் உணர்கொம்பு சிக்காது.

துணைக்கு யாரை விடுகிறோம் என்பதும் முக்கியம். பஃபர் மீனுக்கும் லோச் வகைகளுக்கும் நத்தை ஓர் இரை. டைகர் பார்ப் போன்றவை கொன்று தின்னாவிட்டாலும் உணர்கொம்பைக் கடித்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட தொட்டியில் நத்தை வெளியே தலையே காட்டாது.

நத்தை மிதந்தால் இறந்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். உள்ளே காற்று நிரம்பினாலும் மிதக்கும், சில சமயம் ஒரு நாள் முழுக்க அசையாமலும் கிடக்கும். எடுத்து முகர்ந்து பாருங்கள். இறந்த நத்தையின் நாற்றத்தில் சந்தேகத்துக்கே இடமிருக்காது. ஓட்டின் வாயை அடைக்கும் வாய்மூடியும் தளர்ந்து தொங்கும். இறந்திருந்தால் உடனே எடுக்க வேண்டும், ஒரே ஒரு பெரிய நத்தை அழுகினாலும் சிறிய தொட்டி கெட்டுவிடும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நத்தையை நேராகப் பிடித்து இழுக்காமல், மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், நன்னீர் நத்தைகள் மனிதருக்கு நோய் தரும் ஒட்டுண்ணிகளைச் சுமக்கக்கூடும்.

ஒற்றை நத்தைதானே, குட்டி போடாது என்று நம்புவதும் சரியல்ல. இவற்றில் ஆண் பெண் தனித்தனி என்றாலும், முன்பே இணைந்த பெண் விந்தணுவைப் பல வாரங்கள் சேமித்து வைத்திருந்து முட்டையிடும். நீருக்கு மேலே கண்ணாடியிலோ மூடியிலோ கொத்தாக ஒட்டிவிடும். குஞ்சுகள் வேண்டாமென்றால், பொரிக்கும் முன்பே கொத்தைச் சுரண்டிப் பையில் கட்டி, இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். முட்டை பளிச்சென்ற இளஞ்சிவப்பாக இருந்தால் உங்களிடம் இருப்பது மிஸ்டரி நத்தையாக இருக்காது. பெரும்பாலும் அது செடிகளையெல்லாம் மேய்ந்துவிடும் தங்க ஆப்பிள் நத்தை.

தங்க ஆப்பிள் நத்தையை 1980 வாக்கில் உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுபோனார்கள். அது வயல்களுக்குள் தப்பி, ஆசியாவின் பல நாடுகளில் நெற்பயிருக்குப் பெரும் பூச்சித்தொல்லை போல ஆகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் அந்த நத்தை சேர்ந்த பொமேசியா (Pomacea) பேரினம் முழுவதையும் உள்ளே கொண்டுவரத் தடை விதித்தது. ஆகவே வேண்டாமென்று தோன்றினால், எந்த நத்தையையும் குளத்திலோ ஓடையிலோ விடாதீர்கள். வளர்க்க ஆசைப்படுபவரிடம் கொடுங்கள். தொட்டியிலிருந்து எடுக்கும் பழைய தண்ணீரில் எளிதில் கண்ணில் படாத சின்னஞ்சிறு குஞ்சுகள் இருக்கலாம், அதைச் சாக்கடையில் கொட்டாமல் பூந்தொட்டிச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.